குவாங்சௌ நகருக்கு முதற் பிரயாணம்

சீன தேசத்தின் தென்பகுதியில், முத்தாறு என்று பொருள்படும் ச்சூஜியாங் நதியின் இரு கரைகளிலும் விரிந்து கிடப்பது குவாங்சௌ மாநகரம். பழைய நூல்களிலும் கப்பற் கணக்குகளிலும் அதனைக் காண்டன் என்று குறித்திருப்பார்கள். 1757-ஆம் ஆண்டு முதல் 1842 வரை மேல்நாட்டு வணிகருக்குச் சீனாவில் திறந்திருந்த ஒரே துறைமுகம் அதுதான். மும்பையிலிருந்து பஞ்சும் அபினும் ஏற்றிச் சென்ற பார்ஸி வணிகர் சிலரின் கல்லறைகள், நகரின் கீழ்த்திசையிலுள்ள ச்சாங்சௌ தீவில் இன்றும் இருக்கின்றன. ஆகவே இந்தியாவிலிருந்து அவ்வூருக்கு வியாபாரத்தை முன்னிட்டுப் போவது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று.

2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்குப்படி அந்நகரில் ஏறத்தாழ 1 கோடியே 87 லட்சம் மக்கள் வாழ்கின்றனர். சூரத்திலும் மும்பையிலும் தில்லியிலும் கடை வைத்திருக்கும் நம்மவர் பலர், வாழ்க்கையில் முதன்முதலாகக் காணும் வெளிநாட்டு நகரம் அதுவாகவே இருக்கின்றது. சரக்கு வாங்கப் போகிறவர் உண்டு; அங்கே படிக்கும் பிள்ளையைக் காணப் போகும் பெற்றோரும் உண்டு. இவர்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை இன்று சொல்லலாம் என்று எண்ணுகின்றேன்.

முதலில் காலத்தைப் பற்றி. 1957-இல் தொடங்கிய காண்டன் சந்தை ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் நடுவிலும் அக்டோபர் நடுவிலும் தொடங்கி நடைபெறுகின்றது. அது மூன்று கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதற்கட்டத்தில் மின்னணுப் பொருள்களும் இயந்திரங்களும், இரண்டாவதில் வீட்டுப் பொருள்களும் பரிசுப் பொருள்களும், மூன்றாவதில் துணிமணியும் காலணியும் பொம்மைகளும் இடம்பெறும். ஜவுளி வாங்க வேண்டியவர் முதற்கட்டத்திற் போய் இறங்கினால் கிரேன்களையும் குளிர்பெட்டிகளையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அன்றியும், சந்தை நாட்களில் விடுதிக் கட்டணம் ஏறிவிடும். ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ வரும் சீனப் புத்தாண்டை ஒட்டிச் சில வாரங்கள் மொத்தக் கடைகளும் ஆலைகளும் மூடியிருக்கும். அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை. அவ்வாரத்தில் ரயிலில் இடம் கிடைப்பது அரிது. பருவநிலையைக் கருதினால் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை மிகச் சுகமான காலம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஈரக் காற்று வீசிச் சுவரும் தரையும் வியர்த்துக் கொட்டும். கோடையிற் சென்னையை ஒத்த புழுக்கமும், இடையிடையே புயலும் உண்டு. ஜனவரிக் குளிர் கடுமையன்று எனினும், வீடுகளிற் கணப்பு வைக்கும் வழக்கம் அவ்வூரில் இல்லாமையால் ஒரு கம்பளிச் சட்டை இன்றியமையாதது.

இந்தியர்கள் புறப்படுமுன்பே விசா பெற்றாக வேண்டும். சுற்றுலாவுக்கு ஒரு வகை, வணிகத்திற்கு வேறு வகை. வழியில் இறங்கிச் சில நாள் விசாவின்றித் தங்கலாம் என்று சீன அரசு பல நாட்டினருக்கு அளித்துள்ள சலுகையில் இந்தியா சேர்க்கப்படவில்லை. வேறொரு நாட்டு நண்பர் சொன்னதைக் கேட்டு ஏமாற வேண்டாம். விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்று எழுதியிருப்பதை ஊன்றிப் படிக்க வேண்டும். இதனாற் பெருந்தொல்லைக்கு ஆளான ஒருவரை நான் அறிவேன். சூரத்தில் ஜவுளித் தொழில் செய்யும் தமிழ் அன்பர் அவர். ஒருமுறை மட்டும் நுழைய உரிமை தரும் விசாவுடன் குவாங்சௌ சேர்ந்தவர், ஞாயிற்றுக்கிழமை ஹாங்காங்கைப் பார்த்து வரலாம் என்று அதிவேக ரயிலில் ஏறிவிட்டார். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணந்தான். ஹாங்காங் சீனாவின் பகுதியேயெனினும் குடிவரவுச் சட்டத்தைப் பொறுத்தவரை தனி எல்லை. அங்கே கால் வைத்தவுடன் அவருடைய விசா முடிந்துபோயிற்று. மாதிரித் துணிகளும் பெட்டியும் குவாங்சௌ விடுதியிற் கிடக்க, அவர் ஹாங்காங்கிலிருந்தே ஊர் திரும்ப நேர்ந்தது. அன்றியும், இந்தியப் பாஸ்போர்ட் உடையவர் ஹாங்காங்குக்குப் போவதானால் இணையத்தில் முன்பதிவு ஒன்றும் செய்துகொள்ள வேண்டும்.

2020-இல் நின்றுபோன நேர் விமானப் போக்குவரத்து, 2025 அக்டோபர் இறுதியில் கொல்கத்தாவிலிருந்தும், அடுத்த மாதம் தில்லியிலிருந்தும் குவாங்சௌவுக்கு மீண்டும் தொடங்கிற்று. மற்ற ஊர்களிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் வழியாகப் போகலாம்.

இனி, வீட்டை விட்டுக் கிளம்புமுன் செய்து முடிக்க வேண்டிய முக்கியமான காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். குவாங்சௌவில் இளநீர் விற்கும் மூதாட்டி முதல் பெரிய அங்காடி வரை கைப்பேசி வழியாகவே பணம் வாங்குகின்றனர். நம் நாட்டில் யுபிஐ பழகியவர்களுக்கு இது புதுமையன்று. ஆனால் நம் யுபிஐயை நம்பி அங்கே போகலாகாது. அலிபே, வீசாட் என்னும் இரண்டு செயலிகளே அங்கே ஆட்சி செய்கின்றன. 2023 முதல் வெளிநாட்டார் தம் வீசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை அவற்றோடு இணைத்துக்கொள்ள வசதி செய்யப்பட்டுள்ளது. இணைக்கும்போது நம் வங்கி நம் கைப்பேசிக்கு ஓர் இரகசிய எண் அனுப்பும். செயலி நம் பாஸ்போர்ட் விவரத்தையும் கேட்கும். இவற்றையெல்லாம் வீட்டில் அமர்ந்து பொறுமையாகச் செய்து முடித்துவிட வேண்டும். அட்டையை வெளிநாட்டு உபயோகத்திற்குத் திறந்து வைக்குமாறு வங்கிக்குச் சொல்வதும் அவசியம். அலிபேயில் 200 யுவானுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவுக்கும் நூற்றுக்கு மூன்று வீதம் கட்டணம் பிடிப்பார்கள். அதற்குட்பட்ட சில்லறைச் செலவுக்குக் கட்டணமில்லை. எதற்கும் பத்து, இருபது யுவான் நோட்டுகளாகக் கொஞ்சம் ரொக்கமும் கையிலிருக்கட்டும். ரொக்கத்தை மறுப்பது அங்கே சட்டப்படி குற்றந்தான். ஆயினும் நூறு யுவான் நோட்டுக்குச் சில்லறை தேடிக் கடைக்காரர் திண்டாடுவதை அடிக்கடி காணலாம்.

மற்றொன்று, செய்தித் தொடர்பு. கூகுள், வாட்ஸ்அப், யூடியூப், ஃபேஸ்புக் ஆகியவை சீனப் பெருநிலத்தில் தடுக்கப்பட்டுள்ளன. விடுதியின் வைஃபையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் அது அசையாது. ஊரிலுள்ளோர் இரண்டு நாள் செய்தியின்றிப் பதைத்துப் போவர். நம் நாட்டுச் சிம் அட்டையில் ரோமிங் வசதி பெற்றுச் சென்றால், அந்த இணைப்பு நம் நாட்டு நிறுவனத்தின் வழியாகவே போவதால் பெரும்பாலும் தடையிருப்பதில்லை. வங்கியின் இரகசிய எண்ணும் அதில்தான் வந்து சேரும். எனவே இந்தச் செலவில் சிக்கனம் பார்ப்பது புத்தியன்று. ஊருக்குள் வழி பார்க்கச் சீனரின் வரைபடச் செயலியே நம்பகமானது.

விமான நிலையத்தில் விரல்ரேகை பதித்து, வருகைச் சீட்டு நிரப்பி வெளியே வந்தால், நம் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்க வேண்டும். அவ்வளவு பரந்த தேசம் முழுமைக்கும் ஒரே மணிதான். பாயூன் விமான நிலையத்திலிருந்து நகருக்கு மெட்ரோ ரயில் இருக்கின்றது. இரவு பதினொரு மணியளவில் அது ஓய்ந்துவிடும். டாக்ஸிக்கென்று அமைந்த வரிசையிலன்றி, வெளியே வந்து தோளைத் தொட்டு அழைப்பவரோடு போகலாகாது.

விடுதிகளில் நம் பாஸ்போர்ட்டை வாங்கிப் போலீசாருக்கு விவரம் தெரிவிப்பார்கள். உறவினர் வீட்டிலோ நண்பர் அறையிலோ தங்குபவர் 24 மணி நேரத்திற்குள் அப்பகுதிக் காவல் நிலையத்தில் தாமே பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோர் இதனை மறந்துவிடுவதுண்டு. பாஸ்போர்ட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பதும் விதியே. ரயிலேறவும் அதுவே சீட்டாக உதவுகின்றது. விடுதியின் மாடிக் கணக்கில் நமக்குத் தரைத்தளம் என்பது அவர்களுக்கு முதல் மாடி. சில கட்டிடங்களில் நான்காம் மாடியே இராது. நான்கு என்னும் சொல் மரணம் என்னும் சொல்லைப் போல ஒலிப்பதால் அதனைத் தவிர்க்கின்றனர். நமக்கு எட்டு எப்படியோ அப்படி அவர்களுக்கு நான்கு. அவர்களுக்கோ எட்டு மிக உகந்த எண்.

பாஷையைப் பற்றிச் சில வார்த்தைகள். ஊர்மக்கள் வீட்டிற் பேசுவது காண்டனிய மொழி. நாடெங்கும் வழங்குவது மாண்டரின் என்னும் பொதுமொழி. பின்னதில் நாலைந்து சொற்கள் தெரிந்தால் போதும். சுரத்தை மாற்றினால் பொருள் மாறும் மொழியாகையால், நாம் சொல்வது முதலில் அவர்களுக்கு விளங்காமற் போகலாம், சோர்ந்துவிட வேண்டாம். தமிழருக்கு ஒரு சௌகரியமுண்டு. மாண்டரினில் மனிதன், நாள் முதலிய சொற்களின் தொடக்கத்தில் வரும் ஓசை நம் ழகரத்துக்கு மிக நெருங்கியது. மேல்நாட்டார் தடுமாறும் அவ்விடத்தில் நம் நாக்கு எளிதில் வளைந்து கொடுக்கும். ஆயினும் டாக்ஸி ஓட்டுநரிடம் வாயை நம்புவதைவிடத் தாளை நம்புவதே மேல். விடுதியின் பெயரும் விலாசமும் சீன எழுத்தில் அச்சிட்ட அட்டை ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால், கைப்பேசி அணைந்துபோனாலும் நள்ளிரவிலும் அறைக்குத் திரும்பலாம்.

எண்களைக் கையாற் காட்டும் முறையையும் அறிந்திருத்தல் நலம். ஐந்து வரை நம்மைப் போன்றே விரல்களைக் காட்டுவர். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டினால் ஆறு. கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் நீட்டினால் எட்டு. கடைத்தெருவில் எட்டு என்று அவர் காட்டியதை இரண்டு என்று கொண்டு மகிழ்ந்தவர் உண்டு. எடைக்கு அவர்கள் வழங்கும் ஜின் என்பது அரைக்கிலோ. பழத்தட்டில் எழுதியிருக்கும் விலை பெரும்பாலும் ஒரு ஜின்னுக்குரியதேயாம்.

மெட்ரோ ரயில் 1997-இல் ஓடத் தொடங்கி, இன்று நகரின் எப்பகுதிக்கும் கொண்டுசேர்க்கின்றது. நிலையப் பெயர்கள் ஆங்கில எழுத்திலும் உள்ளன. குறைந்த கட்டணம் இரண்டு யுவான். நுழையும்போது பைகளைச் சோதனை இயந்திரத்தில் வைக்க வேண்டும். மூன்றாம் பாதையிற் காலையிலும் மாலையிலும் ஏறுவது மும்பை புறநகர் ரயிலிற் பழகிய தோளுக்கே கைவரும். ரயில் நிலையங்கள் விஷயத்தில் எச்சரிக்கை தேவை: குவாங்சௌ, கிழக்கு குவாங்சௌ, தெற்கு குவாங்சௌ, பாயூன் என்று பல நிலையங்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் உள்ளன. அதிவேக ரயில்கள் பல தெற்கு நிலையத்திலிருந்து கிளம்புகின்றன; சீட்டில் எந்நிலையம் என்று பார்த்தே புறப்பட வேண்டும். நடைபாதையில் மின்சார ஸ்கூட்டர்கள் ஓசையின்றிப் பின்னால் வரும். காதை நம்பி ஒதுங்கும் நம் பழக்கம் அங்கே உதவாது.

உணவைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. நம்மவர் மிகவும் அஞ்சுவது அதற்குத்தான். புலால் உண்போருக்குக் குவாங்சௌ ஒரு சுவர்க்கம். மரக்கறி உண்போர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்கத் தெரிய வேண்டும். வெறும் கீரை வேண்டுமென்று சொன்னால் கீரைதான் கொணர்வார். அது பன்றிக் கொழுப்பில் வதங்கியிருக்கலாம், கோழிச்சாற்றில் வெந்திருக்கலாம், சிப்பிக் குழம்பு தெளித்திருக்கலாம். இறைச்சித் துண்டு கண்ணுக்குத் தெரியாதவரை அதனை மரக்கறியென்றே கருதுவோர் பலர். இதில் வஞ்சனை ஏதுமில்லை. சோயாக்கட்டியின் மேல் கொத்துக்கறி தூவித் தருவதும் வழக்கம். ஆகையால், இறைச்சி, மீன், இறால், முட்டை, கொழுப்பு, இறைச்சிச்சாறு எதுவும் கூடாது என்று சீனத்தில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இடத்திலும் காட்ட வேண்டும். ஸூ என்பது மரக்கறி உணவைக் குறிக்கும் சொல். பௌத்தக் கோயில்களை அடுத்த மரக்கறி உணவகங்களில் ஐயமின்றி உண்ணலாம். அங்கே பெரும்பாலும் வெங்காயம், பூண்டும் சேர்ப்பதில்லை. இந்திய உணவகங்களும் நகரில் உண்டு.

நம் நாவுக்கு இணங்கியவை சிலவற்றைச் சொல்கின்றேன். வள்ளைக்கீரை அங்கே எங்கும் கிடைக்கும். புளித்த சோயாக்கட்டி சேர்த்து வதக்குவது ஒரு முறை, இறால் விழுது சேர்ப்பது மற்றொரு முறை. முன்னதைக் கேட்டுப் பெற வேண்டும். அரிசிமாவை மெல்லிய ஏடாக ஆவியில் வேகவைத்துச் சுருட்டித் தரும் சிற்றுண்டியில், உள்ளே ஒன்றும் வைக்காத வெறுஞ்சுருள் உண்டு. பாகற்காய் தாராளம். எல்லாவற்றிற்கும் மேலாகக் கஞ்சி. காலை உணவில் அவர்கள் பெரிதும் விரும்புவது குழையக் காய்ச்சிய அரிசிக்கஞ்சி. அதனை அவர்கள் அழைக்கும் பெயர் வேறு. ஆனால் உணவகப் பட்டியலில் ஆங்கிலத்தில் காஞ்ஜி என்று அச்சிட்டிருக்கும். அச்சொல் தமிழிலிருந்து ஆங்கிலத்திற் புகுந்து சீன உணவுக்கே பெயராகிவிட்டது! வெறுங்கஞ்சி என்று கேட்டு வாங்கி, கையோடு கொண்டுபோன ஊறுகாயைத் தொட்டுக்கொண்டால் வயிறும் மனமும் குளிரும். பக்கத்து ஷுன்டே ஊரின் பாற்பதார்த்தம் ஒன்று தயிர் போலத் தோன்றும். அதில் முட்டையின் வெண்கரு சேர்ந்திருப்பதை அறிந்து உண்க.

தேநீர் விடுதியில் அமர்ந்ததும் ஆளுக்கு இவ்வளவு என்று தேநீர்க் கட்டணம் விதிப்பர். அது மோசடியன்று, ஊர் வழக்கம். கிண்ணங்களை முதலிற் சுடுதேநீரால் அலம்புவார்கள், நாமும் செய்யலாம். ஒருவர் நமக்குத் தேநீர் வார்க்கும்போது இரண்டு விரலால் மேசையை மெல்லத் தட்டுவது நன்றி கூறும் முறை. கூசாவின் மூடியைத் திறந்து வைத்தால் வெந்நீர் ஊற்றுவார்கள். குழாய்த் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. வெந்நீரோ விடுதியிலும் ரயில் நிலையத்திலும் எங்கும் கிடைக்கும். பொதுக் கழிவறைகளில் தண்ணீரோ காகிதமோ எதிர்பார்க்க வேண்டாம். இரண்டும் நம் பையிலேயே இருக்கட்டும். பரிசாரகருக்கு இனாம் தரும் வழக்கமில்லை.

வியாபாரத்துக்குப் போகிறவர்களுக்குச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் சேமித்த பணம் முழுவதையும் ஒரே பயணத்தில் இழந்த சிறு வணிகர்கள் உண்டு. மொத்தக் கடைகள் தெருத்தெருவாகப் பிரிந்திருக்கின்றன: ஜோங்டா பகுதியில் துணி, யீடே சாலையிற் பொம்மையும் உலர்பொருள்களும், ஃபாங்சுன்னில் தேயிலை. கடையிற் கண்ட மாதிரியும் பின்னர்ப் பெட்டியில் வரும் சரக்கும் ஒன்றாயிருக்கும் என்று எண்ணிவிடலாகாது. முன்பணமாக நூற்றுக்கு முப்பது கொடுத்து, சரக்கைப் பார்த்தபின் மீதியைத் தருவது பரவலான முறை. அந்தப் ‘பார்த்தபின்’ என்பதை விட்டுவிடுவோர்தான் துன்புறுகின்றனர். தாம் இருக்க இயலாவிடில் நம்பகமான ஒருவரைக் கொண்டேனும் கொள்கலம் மூடுமுன் சோதிக்க வேண்டும். ஒப்பந்தம் சீனத்திலும் இருக்கட்டும். அதில் நிறுவனத்தின் வட்டமான சிவப்பு முத்திரை விழுந்திருக்கின்றதா என்று பாருங்கள். அந்நாட்டிற் கையெழுத்தைவிட முத்திரைக்கே மதிப்பு அதிகம். ஊர் திரும்பியபின், வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய கணக்கிற் பணம் செலுத்துங்கள் என்று ஒரு மின்னஞ்சல் வரலாம். அது இடையிற் புகுந்த திருடன் எழுதியதாக இருக்கக்கூடும். முன்பே அறிந்த எண்ணிற் பேசி, குரலைக் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு காசும் அனுப்பலாகாது. புகழ்பெற்ற பெயர் பொறித்த போலிப் பொருள்கள் மலிவாகக் கிடைக்கின்றனவென்று மூட்டை கட்டினால், நம் சுங்கத்துறையார் பறிமுதல் செய்வர்.

ஆபத்து நேர்ந்தால் போலீசுக்கு 110, தீயணைப்புக்கு 119, மருத்துவ வண்டிக்கு 120. குவாங்சௌவில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கின்றது. அதன் எண்ணைக் கைப்பேசியில் மட்டுமன்றிக் காகிதத்திலும் எழுதிக்கொள்க. சீனாவுக்குள்ளேயே வேறு ஊருக்கு விமானத்திற் போவதானால், 2025 ஜூன் 28 முதல், சீனத் தர முத்திரையில்லாத பவர் பேங்க்கை உடன் கொண்டுசெல்ல விடுவதில்லை. நம் மின்செருகியின் உருண்டைக் கால்கள் அங்குள்ள துளைகளிற் பெரும்பாலும் பொருந்தா. ஓர் இணைப்பானும் பெட்டியில் இருக்கட்டும்.

வேலை முடிந்து ஒரு நாள் மிஞ்சினால், 600 மீட்டர் உயரக் கோபுரத்தை ஆற்றங்கரையில் நின்று இரவிற் பார்ப்பதே போதும் என்பது என் கருத்து. பகற்பொழுதைப் பழைய நகருக்குக் கொடுக்கலாம். 1894-இல் கட்டி முடிக்கப்பட்ட ச்சென் குலத்தாரின் மண்டபம், கூரைமேல் நிறைந்த சுதைச் சிற்பங்களால் நம் கோபுரங்களை நினைவூட்டும். நம் தென்னாட்டிலிருந்து கடல்வழியே சென்ற போதிதர்மர் கரையேறிய இடம் என்று சீன மரபு போற்றும் ஹுவாலின் கோயிலும் இங்கேதான் இருக்கின்றது. அவர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்பது பின்னாளில் வழங்கிவரும் ஒரு மரபு. வந்த காலம் ஆறாம் நூற்றாண்டின் முற்பகுதி என்பர். அன்று அங்கே ஆற்றங்கரை இருந்ததாம். இன்று நதி தெற்கே விலகிப் போய்விட்டது. ஐந்நூறு அருகதர்களின் உருவங்கள் வரிசையாய் வீற்றிருக்கும் மண்டபத்தில் ஒரு நாழிகை சுற்றி வரலாம். மெட்ரோவின் முதற்பாதையில் ச்சாங்ஷௌ சாலை நிலையத்தில் இறங்கினால் நடந்தே போகும் தூரம். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள் முழுதும் ஜேடு என்னும் பச்சைக்கல் கடைகள். கல்லின் தரம் அறியாதவர்கள் பார்த்துக்கொண்டே நடந்துவிடுவது நல்லது.